நாலு மணிக் கமிட்டி

காலை எட்டு அடித்து ஏழு நிமிடம் ஆகிவிட்டது. இடது கையில் செம்பு நிறையத் தண்ணீர், வலது உள்ளங்கையில் ஒரு மாத்திரை. வேளாங்கண்ணி தம்பியின் அறை வாசலில் வந்து நின்றாள். டெல்வின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான் என்று எண்ணித்தான் வந்தாள். ஒன்பது நாளாக அப்படித்தான் கிடந்தான். குளியல் இல்லை, சோறு பாதி. கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான்.

இன்று அவன் முகம் மழித்திருந்தான்.

கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைக்கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"ஏலே, குளிச்சியா?"

"குளிச்சேன். நாலு மணிக்குக் கமிட்டில்லா."

"அப்பம் இதையும் முழுங்கிட்டுப் போ."

"வேண்டாம்."

"டெல்வின், அந்த வியாழக்கிழமை ராத்திரி போடாததையும் சேத்தா இது இருபதாவது மாத்திரை."

"எண்ணிக்கிட்டே இரி." அவன் சீப்பை வைத்தான். "எனக்க மாத்திரையை எனக்க கெட்டியவ தந்தாப் போடுவேன். அவ இண்ணைக்கு வந்துருவா. ராத்திரி எட்டு மணிக்கு அவ கையால போடுவேன்."

"வரல்லேண்ணா?"

"வரல்லேண்ணா நான் போறேன்."

"எங்க?"

"அப்பனும் அம்மெயும் போன எடத்துக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை ஏசியிருப்பாள். கருங்கல் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சொன்னான். செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது.

"நாளைக்குப் பிள்ளைய நான்தான் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுவேன்," என்றான், சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "பத்து நாளு பாடம் போச்சு அபினாவுக்கு. கணக்குல அவ மோசம். நான் சொல்லிக் குடுத்தாத்தான் கேப்பா."

அதுவும் பொய்யில்லை. குடிக்காத நாட்களில் அவன் மகளை மடியில் வைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதை வேளாங்கண்ணி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒருவனே இரண்டு ஆளாக இருந்தால் எந்த ஆளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது?

மாத்திரையைத் திரும்பக் குப்பிக்குள் போட்டு மூடினாள். குப்பியின் லேபிளை அவளேதான் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கொச்சியில் படகு வேலையிலிருந்து காய்ச்சலோடு வந்தவனை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் ரத்தத்தில் எச்ஐவி என்று சொன்னார்கள். மிக்கேல்துறையில் அது தெரிந்த ஆட்கள் மூன்று பேர்: டெல்வின், மனைவி பிரிஜா, வேளாங்கண்ணி. ஊருக்கு அது 'நெஞ்சில சளி'.

பிரிஜாவுக்கும் அபினாவுக்கும் சோதனை செய்து, இரண்டு பேருக்கும் இல்லை என்று தெரிந்த அன்று பெரியவர்கள் மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார்கள். பிரிஜா நிம்மதியில் அழுதாள். டெல்வின் எதற்கு அழுதான் என்பது பிறகுதான் விளங்கியது, 'ஒனக்கு இல்லேங்குத திமிராட்டி' என்று கேட்டு அவன் முதன்முதலாக அவளை அறைந்த அன்று.

அதன்பிறகு ஒன்றா இரண்டா. கடைசியாக அந்த வியாழக்கிழமை பிரிஜாவின் இடது தோளில் காறையெலும்பு ஒடிந்தது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அவளும் மகளும் போய்விட்டார்கள். மாமனார்தான் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று டெல்வின் நம்பினான். ஊரும் நம்பியது.

அந்தப் பஸ்ஸில் அவர்களை ஏற்றி, கூடவே போய் மார்த்தாண்டத்தில் விட்டு வந்தது வேளாங்கண்ணி என்பது யாருக்கும் தெரியாது.

*

இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் கோயில் கமிட்டித் தலைவர் மரியான் அவளைப் பிடித்துக்கொண்டார். கூடவே மத்தியாஸ், கமிட்டி உறுப்பினர். பங்குப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

"ஏ பிள்ள வேளாங்கண்ணி, ஃபாதர் கோட்டாத்துக்குப் போயிருக்காரு, திருவிழாக் காரியமாட்டு. எண்ணாலும் கமிட்டி கூடும், கேட்டியா? ஒனக்க தம்பிக்க மாமனாருக்கும் ஆளு விட்டாச்சு."

"சரி மாமா."

"அவன் நல்ல பையன். கள்ளு உள்ள போனாத்தான் கடலு கலங்குகு. எந்த வீட்டுல இல்ல? எனக்க வீட்டுக்காரிகிட்டக் கேளு."

"கேட்டா அவ ஒமக்க காதைத் திருகுவா ஓய்," என்றார் மத்தியாஸ். மரியான் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"சிலுவையில கை வச்சு ஒரு சத்தியம். அதை மினிட் புக்குல ஏத்திருவோம். பெண்ணை அவன்கூட அனுப்பி வைப்போம். அரை மணிக்கூறு வேலை."

வேளாங்கண்ணியும் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

ஆனால் அவளும் ராத்திரியே அதைத்தான் முடிவு செய்திருந்தாள். பிரிஜாவைக் கூட்டிவந்துவிடுவது. வேறு வழி என்ன? கணவனைக் கடல் கொண்டுபோய் ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. தனக்கு என்று மிஞ்சியது இந்த ஒரு தம்பி. மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் லீலாபாய் மேடம் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறார். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். போன உயிர் திரும்புமா?

இப்படித்தான் கணக்குப் போட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் விடை சரியாக வந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. கருங்கல்லில் பஸ் நின்றபோது எழுந்து நின்றவள், பிறகு மார்த்தாண்டம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"இருக்க எடம் கெடக்குல்லா?" என்றார் கண்டக்டர்.

"கெடக்கட்டும்," என்றாள்.

*

தேவகனி டீச்சர் வீட்டு மாடி அறைக்கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் கேட்டது.

"ஆரு?"

"அத்தைதான் மக்கா."

"எந்த அத்தை?"

"வேளாங்கண்ணி அத்தை."

"கூட ஆரு?"

"ஆரும் இல்ல. நான் மட்டும்தான்."

ஏதோ ஒன்றைத் தரையில் இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஸ்டூலைப் பிடித்தபடி எட்டு வயது அபினா நின்றாள். பகல் பன்னிரண்டு மணி, கீழே டீச்சர் வீட்டு ஆட்கள் நடமாடுகிறார்கள், அப்போதும் ஸ்டூல்.

பிரிஜா கழுத்தோடு கட்டிய தூளியில் இடது கையைத் தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். டம்ளரை வயிற்றோடு அணைத்துப் பிடித்து வலது கையால் துலக்க வேண்டியிருந்தது. நைட்டியின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

"வாருங்க மைனி."

"வலி எப்பிடி இருக்கு?"

"பகல்ல தெரியாது. திரும்பிப் படுத்தாத்தான்."

தேவகனி டீச்சர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். பத்து வருடமாக வேளாங்கண்ணியிடம் மீன் வாங்குகிறவர். அடி மட்டும்தான் அவருக்குத் தெரியும், நோய் தெரியாது. கேள்வி கேட்காமல் ஒரு அறையை ஒழித்துக்கொடுத்தவர்.

வேளாங்கண்ணி டீயைத் தொடவில்லை. சுற்றி வளைக்கவும் அவளுக்கு வராது.

"மக்கா, நாலு மணிக்குக் கமிட்டி. நீ வரணும். அவன் பத்து நாளாட்டு மருந்து தொடல்ல. நீ வந்து தந்தாத்தான் போடுவானாம். இல்லேண்ணா செத்துப்போவேன்ணு சொல்லுகான். சும்மா சொல்லுகதாட்டுத் தெரியல்ல எனக்கு."

பிரிஜா டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள்.

"சிலுவையில சத்தியம் வாங்குவாங்க. நான் பக்கத்து வீட்டுலதான இருக்கேன்? ஒரு சத்தம் கேட்டா ஓடி வருவேன்."

"இதுக்கு முந்தியும் பக்கத்து வீட்டுலதான இருந்தீங்க மைனி."

தரையில் நோட்டை விரித்துப் படுத்திருந்த அபினா தலையைத் தூக்கினாள்.

"அத்தே, அப்பா மாத்திரை போடலியா?"

"இல்ல மக்கா. அம்மெ வந்து தந்தாத்தான் போடுவாங்களாம்."

அபினா பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"அம்மெ குடுத்தா அப்பா அடிப்பாங்களே."

"இனி அடிக்கமாட்டாங்க."

"எட்டு மணிக்குத்தான அடிப்பாங்க," என்றாள் அபினா. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும் என்பதைப்போல் சொன்னாள். "குடிச்ச அண்ணு மாத்திரை போட்டா விஷமாவும்ணு அப்பா சொல்லுவாங்க. கொல்லப் பாக்கியாட்டீண்ணு கேட்டு அடிப்பாங்க. அம்மெ வெளிய வந்து அழுவாங்க. அப்பம் நீங்க ஃபோன் பண்ணுவீங்க. திரும்பி அம்மெ உள்ள போவாங்க."

"பாப்பா, கணக்கைப் போடு," என்றாள் பிரிஜா.



ராத்திரி எட்டு ஐந்துக்கு அந்த ஃபோன். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. பக்கத்து வீடுதான், ஆனாலும் அந்த நேரத்தில் மீன்கூடை கழுவும் வேலை இருக்கும். அதனால் ஃபோன். 'போட்டானாட்டி?' என்று கேட்பாள். இல்லை என்றால், 'ஒரு மாத்திரை குடுக்க ஒனக்கு ஏலாதா? பின்ன எதுக்கு அங்க இருக்க?' என்பாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிடுவாள். தம்பியின் உயிரைத் தானே பிடித்துவைத்திருப்பதாக அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வீட்டில் ஒரு ஆள் நின்று மருந்து கொடுக்க வேண்டும் என்று லீலாபாய் மேடம் சொன்னபோது, 'எனக்க நாத்தூன் பிரிஜா குடுப்பா' என்று முந்திக்கொண்டு சொன்னதும் இவள்தான். குடி கெடுதல், ஆனால் குடித்துவிட்டோம் என்று மாத்திரையை விட்டால் அது அதைவிடக் கெடுதல் என்று மேடம் அன்றே விளக்கினார். அப்போது டெல்வின் வெளியே மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டும் வரவில்லை. பிரிஜாவுக்குத் தெரிந்தால் போதாதா என்று இவள் விட்டுவிட்டாள். குடிக்கிறவனிடம் யாருமே சொல்லவில்லை. போதையில் இருப்பவன் பக்கத்தில், அவன் விஷம் என்று நம்பும் ஒன்றைக் கையில் கொடுத்து, தினமும் ஒருத்தியை இவள் அனுப்பியிருக்கிறாள்.

"அந்த வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். மேலே வரவில்லை.

"ரெண்டு தடவ கூப்பிட்டீங்க மைனி," என்றாள் பிரிஜா. "ரெண்டாவது தடவ நான் எடுக்கல்ல. எடுக்கக் கை இல்ல."

கீழே தெருவில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அது போய் ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

பிரிஜா எழுந்து கொடியில் கிடந்த அபினாவின் பாவாடையை உருவிப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

"நீங்க கொண்டு வந்து விட்டீங்க. நீங்க கூப்பிட்டா வரணும்லா. வாறேன். ஆனா ஒண்ணு மைனி. அவருக்க மாத்திரை உள்ள போவணும், அதுக்காட்டு நான் வரணும்ணா, அதை அப்பிடியே சொல்லுங்க. வீட்டுக்கு வாண்ணு சொல்லாதீங்க."

பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒற்றைக் கையால் அதை இழுக்க முடியவில்லை. பல்லால் பையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

வேளாங்கண்ணி எழுந்துபோய்ப் பையை வாங்கினாள். ஜிப்பைச் சரிசெய்யவில்லை. பாவாடையை வெளியே எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள்.

"வராண்டாம்."

"மைனி?"

"நீ வராண்டாம் மக்கா. நான் போறேன்."

"கமிட்டில ஆளு வரல்லேண்ணா..."

"நான்தான் கொண்டு விட்டேன்ணு சொல்லுவேன். பதினைஞ்சு நாளு துறையில மீன் எடுக்காதேண்ணு வெலக்குவாங்க. வெலக்கட்டும்."

பிரிஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று தேடும் பார்வை. பிறகு அவள் கேட்டது வேறு.

"சீக்குக் காரியம்?"

"உயிரே போனாலும் எனக்க வாயில வராது."

"வரக்கூடாது. பக்கத்துத் துறையில இந்தச் சீக்கு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சுண்ணு பாத்தோம்லா? பள்ளிக்கூடத்துல தனி பெஞ்சு. பின்ன அதுவும் இல்ல. எனக்க பிள்ள நம்ம பங்குப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும் மைனி. வேற எங்க கொண்டு சேக்கேன்?"

அபினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை மறுபடியும் கதவுப் பக்கமாக இழுத்தாள். அத்தை வெளியே போனதும் முட்டுக்கொடுக்கத் தயாராக.

*

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மழை விட்டது. கோயிலை ஒட்டிய கமிட்டி அறையில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, எதிரே ஒன்று தனியாக. அந்தத் தனி நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு டெல்வின். பெண்கள் அங்கே உட்காருவது வழக்கமில்லை. வேளாங்கண்ணி தூணோரமாக நின்றாள்.

செயலாளர் அனீஷ் மினிட் புத்தகத்தை விரித்துத் தேதி எழுதினான். 16-11-2008, ஞாயிறு. டீ வந்தது. மரியான் தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றொன்றைத் தானே டெல்வினிடம் நீட்டினார்.

"குடி மக்கா. பேயறைஞ்சமாதிரி இருக்காதே. மாமனாரு வரல்ல, பெண்ணு எங்க இருக்குண்ணு தனக்குத் தெரியாதுண்ணு ஆளு சொல்லி விட்டிருக்காரு. இது என்ன கூத்து?"

"அவருக்குத் தெரியாது மாமா," என்றாள் வேளாங்கண்ணி. "அவளைக் கொண்டு விட்டது நான்."

எல்லாத் தலையும் தூண் பக்கம் திரும்பியது. டெல்வினின் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"நீயா?"

"நான்தான்."

"எங்க விட்ட?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"இது நல்ல கதை!" மத்தியாஸ் தொடையில் தட்டினார். "அவளைக் காணல்லேண்ணு அவன் பத்து நாளாட்டுப் பாயில கெடக்கான். கூடப் பொறந்தவளே பெண்ணை ஒளிச்சு வச்சிருக்கா!"

"ஏ பிள்ள, ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" மரியான் குரலைத் தணித்தார். "புருசன் பெஞ்சாதிக்கு எடையில நாம போவலாமா? ரெண்டு அடி அடிச்சிருப்பான்..."

"ரெண்டு அடி இல்ல மாமா. காறையெலும்பு ஒடிஞ்சாச்சு. எக்ஸ்ரே என்கிட்ட இருக்கு. வழுக்கி விழுந்தேன்ணு அவ ஆஸ்பத்திரியில சொன்னா. சொல்லச் சொன்னது நான். அதையும் எழுதிக்கோ அனீஷு."

அனீஷ் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்தபடி தலைவரைப் பார்த்தான்.

டெல்வின் டம்ளரைத் தரையில் வைத்தான்.

"அக்கா," என்றான். மெதுவாகத்தான். "எனக்க காரியம் ஒனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டா இப்பிடிச் செய்த?"

"தெரியும்."

"ராத்திரி எட்டு மணிக்கு என்ன நடக்கும்ணு தெரியும்லா?"

"எட்டு மணிக்கு நான் வருவேன். தண்ணியும் கொண்டு வருவேன். முழுங்குகது ஒனக்க தொண்டை. அதுக்கு அவளுக்க எலும்பைக் கேக்காதே."

மற்றவர்களுக்கு இந்தப் பேச்சு தலைகால் புரியவில்லை. அவர்கள் இவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டெல்வினுக்கு மட்டும் புரிந்தது. இனி அவனிடம் பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். சின்ன வயதில் தோற்கப்போகும்போது சீட்டுக்கட்டை வாரி எறிவானே, அந்த முகம்.

அவன் எழுந்து நின்றான்.

"இனி மறைச்சு என்னத்துக்கு? எனக்கு நெஞ்சுல சளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு எய்ட்ஸ். ரெண்டு வருசமாச்சு. நான் சாவப்போறவன். சாவப்போறவனை இட்டெறிஞ்சிட்டுப் போன பெண்ணுக்குக் கமிட்டி என்ன சொல்லுகு? சொல்லுங்க!"



சிமெண்ட் தரையில் மரியானின் நாற்காலி பின்னால் உரசும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு பக்கத்து நாற்காலி. பிறகு அதற்கடுத்தது. டம்ளரை நீட்டிய கையை மரியான் வேட்டியில் துடைத்துக்கொண்டார். தான் துடைப்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐயோ பாவம்," என்றது ஒரு குரல். "இந்த நெலமையில விட்டுட்டா போனா?"

இரண்டு வருடம் லேபிள் சுரண்டி, ஊரெல்லாம் பொய் சொல்லி வேளாங்கண்ணி காத்த ஒன்றை அவன் ஒரு நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டான். யார் மேல் போய் விழும் என்று யோசித்தானா? அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது. அவன் தோள்பட்டை குலுங்குவதைப் பார்த்தபோது கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

வரிசைக் கடைசியில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் டெல்வினின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் வரத்தான் பயந்தார்களே.

அவன் முழங்காலில் கை வைத்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றே வைத்தாள்.

"சொல்லிட்டியா?"

அவன் தலைகுனிந்திருந்தான்.

"அது சீக்கு. அதுக்கு மருந்து உண்டு. ஒழுங்காட்டுப் போட்டா நீ சாவாண்டாம், எனக்கு மண்ணள்ளிப் போட நீ இருப்ப. அந்தப் பாயில சுவரைப் பாத்துக் கெடக்கியே, அதுக்கும் மருந்து உண்டுண்ணு லீலாபாய் மேடம் தலையில அடிச்சுச் சொல்லுகாங்க. அதுக்கும் நான் கூட வருவேன். குடிய நிறுத்தவும் வருவேன். ஆனா இண்ணைக்குக் கமிட்டி கேக்கது அதை இல்ல. பிரிஜாவுக்க எலும்பு எப்பிடி ஒடிஞ்சுது? அதைச் சொல்லு."

அனீஷ் தொண்டையைக் கனைத்தான். "மாமா... எதை எழுதணும்? இவரு சொன்ன சீக்கையா?"

இருபது வருடத் தலைவருக்கு இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

"சீக்கு எந்தப் புக்குலயும் ஏறாண்டாம் மக்கா," என்றாள் வேளாங்கண்ணி. "இப்பம் இவன் சொல்லப்போறதை எழுது."

டெல்வின் தரையில் வைத்த டீயைப் பார்த்தான். ஆடை படிந்துவிட்டிருந்தது. போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, நேராகக் கடைக்கு.

"எட்டு மணி இருக்கும்," என்றான்.

அனீஷின் பேனா காகிதத்தைத் தொட்டது.

"மாத்திரை கொண்டு வந்தா. போடுங்கண்ணு சொன்னா. கொல்லத்தான் வாறாண்ணு நெனச்சு..." நிறுத்தினான். தலையை ஆட்டிக்கொண்டான். "இல்ல. அது ஊருக்குச் சொல்லுகது. அவளுக்கு இல்ல, எனக்கு மட்டும் உண்டு. அவ இருப்பா, நான் போவேன். அவ மூஞ்சியப் பாத்தா அதுதான் தெரியும். அந்த மூஞ்சியப் பாக்கமாட்டாமத்தான் வாசல் நிலையோட சேத்துத் தள்ளினேன். ஒரு தடவ இல்ல..."

அறையில் பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வேளாங்கண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் காற்று போனது.

அப்போதுதான் வெளியே ஒரு பைக் உதைத்துக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்து நாற்காலிகளை எண்ணினாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அனீஷ் மேசையருகே நின்று எழுதிக்கொண்டிருந்தான். ஆக ஆறு. தான் உட்கார்ந்திருக்கும் இந்த ஏழாவது நாற்காலி யாருடையது என்று அப்போதுதான் யோசித்தாள். வாசலில் செருப்புகளைப் பார்த்தாள். பெற்றோர் சங்கத் தலைவர் மத்தியாஸின் தோல் செருப்பு இல்லை.

ஜன்னல் வழியே பைக் தெரிந்தது. அவர் வீடு கடற்கரைப் பக்கம். பைக் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சிலுவை நிற்கும் குருசடியைச் சுற்றி, மேட்டில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை குடியிருக்கும் வீட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மறிக்க வேண்டும். இந்த நிமிடமே எழுந்தால் குறுக்குச் சந்து வழியாக முந்திவிடலாம்.

"...அதுக்கு முந்தின மாசமும் ஒரு தடவ," என்றான் டெல்வின், தன் முழங்கால் மேலிருந்த அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.